ஆயிரம் கோடி வெச்சிருக்கிறவர் கட்சி மாறினா நம்பறதா வேணாமா? (ஹொஸ்கோட்டே விஷயம்)

பிளெக்ஸ்காரன்_ஹொஸ்கோட்டே:

எல்லாருக்கும் வணக்கம். ஹொஸ்கோட்டேல பிளெக்ஸ் பிரிண்டிங், ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். பெங்களூர்லேர்ந்து கோலார் போற ஓல்டு மெட்ராஸ் ரோட்டுல இருக்கிற ஊர். ஞாயித்துக்கிழமை விடியக்காலம் நாலு மணிக்கு தம் பிரியாணிக்கு பெங்களூர்க்காரங்க கார் போட்டுட்டு வந்து வரிசையில நிப்பாங்களே, அதே ஊர்தான். அப்பா குடியாத்தம் பக்கம். செங்கல் சூளை வேலைக்கு இங்க வந்து அப்படியே தங்கிட்டார். நான் படிச்சது கன்னட மீடியம், தமிழ் அம்மா சொல்லிக் கொடுத்தது. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

போன மாசம் மகளுக்கு வோட்டர் ஐடி வந்தது. கார்டைக் கையில வெச்சுக்கிட்டே, "தாத்தா, நீங்க எம்டிபிக்கு எத்தனை வாட்டி ஓட்டுப் போட்டீங்க?"ன்னு கேட்டா. அன்னிக்கு ராத்திரி எங்க வீட்ல யாரும் நேரத்துக்கு சாப்பிடல.

வெளியூர்க்காரங்களுக்கு கொஞ்சம் கதை சொல்லணும். எம்.டி.பி. நாகராஜ் இங்க 2004, 2013, 2018 மூணு தடவை காங்கிரஸ்ல ஜெயிச்சவர். 2018-ல அபிடவிட்ல காட்டின சொத்தே ஆயிரம் கோடிக்கு மேல. செங்கல் வியாபாரத்துல ஆரம்பிச்சு நிலம், லேஅவுட்னு மேல வந்தவர்னு ஊர்ல சொல்வாங்க. எங்க அப்பாவுக்கு அதுல ஒரு பெருமை, ஏதோ தானும் அதே தொழில்லேர்ந்து வந்த மாதிரி. அவர் கணக்கு ரொம்ப சிம்பிள்: "இவ்வளவு காசு வெச்சிருக்கிறவன் நம்ம கிட்ட திருடி என்னடா பண்ணப் போறான்? ஒண்ணுமில்லாதவன்தான் ஜெயிச்சவுடனே சம்பாதிக்கப் பார்ப்பான்." இது எங்க அப்பா மட்டும் சொன்னதில்ல. டீக்கடையில, மசூதி ரோட்டுல, சலூன்ல எல்லா இடத்துலயும் கேட்டிருக்கேன். நாகின் டான்ஸ் ஆடற வீடியோ வந்தப்பக்கூட சிரிச்சுக்கிட்டே ரசிச்சாங்க. பணக்காரன்னு யாருக்கும் பொறாமை கிடையாது, பணக்காரன்தான் பரவாயில்லைன்னே இருந்தாங்க.

2019 ஜூலை வந்தது. அவர் அப்போ குமாரசாமியோட ஜேடிஎஸ்-காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில வீட்டுவசதி மந்திரி. ராஜினாமா கொடுத்துட்டார். 13-ம் தேதி சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடியே காங்கிரஸ் தலைவர் டி.கே. சிவகுமார் அவர் வீட்டுல போய் உட்கார்ந்துட்டார். நாள் முழுக்க டிவியில அதேதான். சாயங்காலம் சித்தராமையாவைப் பார்த்துட்டு வந்து, ராஜினாமாவைப் பத்தி யோசிக்கறேன், கட்சியிலேயே இருக்கப் பார்க்கறேன்னு சொன்னார். நெஞ்சைத் திறந்தா உள்ள சித்தராமையாதான் இருப்பார்னு முன்னாடி பேசினவர் ஆச்சே, அப்பா நம்பிட்டார். மறுநாள் ஞாயித்துக்கிழமை, வேர்ல்ட் கப் ஃபைனல். கடையில மேட்ச் பார்க்க டிவியைப் போட்டா, ராஜினாமா பண்ணின மத்த எம்எல்ஏக்கள் தங்கியிருந்த பம்பாய்க்கு ஸ்பெஷல் பிளைட்ல கிளம்பிட்டார்னு ஓடுது. அப்பா ஒண்ணும் சொல்லல. எழுந்து போய் சட்டையை மாட்டிக்கிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்துட்டு வந்தார்.

23-ம் தேதி ஆட்சி கவிழ்ந்தது, 99-க்கு 105. ஸ்பீக்கர் ரமேஷ் குமார் அப்படிப் போன எம்எல்ஏக்கள் எல்லாரையும் தகுதி நீக்கம் பண்ணினார். அதுலேர்ந்து இங்க அவங்களுக்குப் பேரே 'அனர்ஹரு'தான். தகுதி இல்லாதவங்கன்னு கன்னடத்துல அர்த்தம், சின்னப் பசங்ககூட கிரிக்கெட்ல அவுட் ஆனவனை அப்படிக் கூப்பிட்டாங்க. ஆகஸ்ட்ல ரோல்ஸ் ராய்ஸ் வாங்கினார்னு பேப்பர்ல வந்தது. நவம்பர்ல இடைத்தேர்தலுக்குக் கொடுத்த அபிடவிட்ல சொத்து 1,200 கோடி வாக்குல.

இப்போ என் கடை விஷயம். 2018-ல எங்க லேஅவுட் பசங்க அவருக்கு வாழ்த்து பேனர் அடிச்சாங்க, பத்துக்கு எட்டு. 2019 நவம்பர்ல அதே பசங்க வந்தாங்க. "அதே போட்டோ போதும்ணா, கையை எடுத்துட்டு தாமரை போடுங்க." கை தனி லேயர், ஒரு கிளிக்ல போயிருச்சு. கழுத்துல இருந்த மூவர்ணத் துண்டுதான் படுத்திருச்சு. அதைக் காவியாக்க இருபது நிமிஷம் ஆச்சு. காதுக்குக் கீழ பச்சை ஓரம் கொஞ்சம் அப்படியே தங்கிருச்சு. பிரிண்ட் எடுத்து, ஐலெட் அடிச்சு, கம்பத்துல ஏத்தி பத்து நாள் நின்னது. ஒருத்தரும் கேட்கல.

டிசம்பர்ல அவர் தோத்தார். சுயேச்சையா நின்ன சரத் பச்சேகௌடா பதினோராயிரம் ஓட்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சார். அப்பா அந்த வாட்டி எம்டிபிக்குப் போடல.

ஆனா அடுத்த ஜூன்ல அவர் மேலவை உறுப்பினர், 2021 ஜனவரில மந்திரி. என் கேள்வி இதுதான். ஒண்ணு, பணக்காரன் திருட மாட்டான்னு நம்பறது சரியா? காசு வேணாம்னா அவர் எதுக்குப் போனார்? இதுக்கு அப்பாகிட்டயும் பதில் இல்ல, என்கிட்டயும் இல்ல. ரெண்டு, தோத்தவர் மந்திரி ஆயிட்டார்னா நாங்க போட்ட ஓட்டு என்ன ஆச்சு? மகளுக்கு என்ன சொல்றது?


கரூர்_பஸ்ஸ்டாண்டு:

அண்ணே, நீங்க ஆளைப் பார்த்து ஓட்டுப் போட்டு ஆளைப் பார்த்து வருத்தப்படறீங்க. எங்க பக்கம் அந்தக் கஷ்டமே இல்ல.

2017-ல எங்க ஊர்ல 18 எம்எல்ஏ தகுதி நீக்கம் ஆச்சே, ஞாபகம் இருக்கா? அதுல செந்தில்பாலாஜி திமுகவுக்குப் போனார். 2016-ல அரவக்குறிச்சியில இரட்டை இலையில ஜெயிச்சவர், 2019-ல அதே அரவக்குறிச்சியில உதயசூரியன்ல ஜெயிச்சார். 2021-ல கரூர்லயும். அதே 2019 ஏப்ரல், மே மாசத்துல தினகரன் கட்சி 22 இடைத்தேர்தல்ல நின்னு ஒண்ணுகூட ஜெயிக்கல. தலைவருக்காகப் பதவியை விட்டவங்களும் அதுல இருந்தாங்க. விசுவாசமா இருந்தவங்க வீட்டுக்குப் போனாங்க, போய்ச் சேர்ந்த இடம் சரியா இருந்தவர் கோட்டைக்குப் போனார்.

தங்க தமிழ்ச்செல்வன் இன்னும் ருசி. 2019 தேனியில தினகரனுக்காக நின்னு தோத்தார். 2024-ல அதே தேனியில திமுக சார்புல நின்னு ஜெயிச்சார். எதிர்ல தோத்தது யாரு? தினகரனே.

நம்பிக்கை அது இதுன்னு மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. ஓட்டு போகுது, வருது. காதுக்குக் கீழ பச்சை ஓரம் மட்டும் சூப்பர்ணே.


பழைய_வக்கீல்குமாஸ்தா:

தங்கள் இரண்டாவது கேள்விக்குச் சட்டப்படி ஒரு பதில் இருக்கிறது. கேட்டால் கோபம்தான் வரும், இருந்தாலும் சொல்கிறேன்.

கட்சித் தாவலால் தகுதி இழந்தவர் மறுபடி தேர்ந்தெடுக்கப்படும் வரை, அல்லது அவருடைய பழைய பதவிக்காலம் முடியும் வரை, அமைச்சராகக் கூடாது. இது 2003-ல் 91-ஆவது திருத்தத்தில் வந்தது. ஸ்பீக்கர் இவர்களை 2023 வரை தேர்தலில் நிற்கவே கூடாது என்றார். உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 13 அன்று தகுதி நீக்கம் சரி, நிற்கக் கூடாது என்றது மட்டும் செல்லாது என்றது. அதனால்தான் டிசம்பரில் நின்றார்கள்.

நாகராஜ் தோற்றார். அவரோடு தகுதி இழந்த எச். விஸ்வநாத்தும் ஹுணசூரில் தோற்றார். பிறகு இருவருமே மேலவைக்குப் போனார்கள், ஆனால் வேறு வேறு வாசல் வழியாக. நாகராஜை எம்எல்ஏக்கள் தேர்ந்தெடுத்தார்கள். விஸ்வநாத்தை ஆளுநர் நியமித்தார். கர்நாடக உயர் நீதிமன்றம் 2020 நவம்பர் கடைசியில் என்ன சொன்னது தெரியுமா? நியமிக்கப்பட்டவர் 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' ஆகமாட்டார், எனவே விஸ்வநாத் அமைச்சராக முடியாது. நாகராஜ் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஆகலாம். தங்கள் தந்தையார் வாக்குச்சாவடியில் வேண்டாம் என்று சொன்னது ஒரு தேர்தல். எம்எல்ஏக்கள் மேலவைக்கு அனுப்பியதும் ஒரு தேர்தல். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

முப்பத்தெட்டு வருடம் கோர்ட்டில் கட்டுக் கட்டாகக் காகிதம் தைத்தவன் நான். 'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை போனதை அப்போதுதான் பார்த்தேன்.

முதல் கேள்விக்கு வருகிறேன். சொத்துப் பட்டியல் போட வைத்தது வாக்காளர் தெரிந்துகொள்ளத்தான், 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்தது. அதை நம் ஜனங்கள் நன்னடத்தைச் சான்றிதழாக வாசிக்கிறார்கள். எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அதில் இருக்கும். எவ்வளவு போதும் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. இன்னொன்று: 2019-ல் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் தேர்தலுக்குச் செலவு செய்யலாம் என்றிருந்த உச்சவரம்பு 28 லட்சம். 1,200 கோடிக்காரருக்கும் அதே 28, தங்கள் ஊர் சலூன்காரர் நின்றாலும் அதே 28.


மௌலாலி_அக்கா:

நான் ஹைதராபாத். ரயில்வே குடும்பம், மூணு தலைமுறையா இங்கதான். ஹொஸ்கோட்டே தம்பி, கரூர்த் தம்பி சொல்றதை அப்படியே ஏத்துக்காதீங்க. இங்க ஜனங்க ஆளையும் பார்க்கறாங்க, கட்சியையும் பார்க்கறாங்க, எப்போ எதைப் பார்ப்பாங்கன்னுதான் சொல்ல முடியாது.

முனுகோடுன்னு ஒரு தொகுதி. கோமட்டிரெட்டி ராஜகோபால் ரெட்டி, பெரிய காண்ட்ராக்ட் குடும்பம். காங்கிரஸ் எம்எல்ஏவா இருந்தவர் 2022-ல ராஜினாமா பண்ணிட்டு பிஜேபியில சேர்ந்து இடைத்தேர்தலைக் கொண்டுவந்தார். அவர் போனதே ஒரு பெரிய காண்ட்ராக்டுக்காகத்தான்னு அப்போ இங்க ஆட்சியில இருந்த டிஆர்எஸ் ஊர் ஊரா பிரசாரம் பண்ணிச்சு. அவர் இல்லவே இல்லைன்னார். தோத்தார், பத்தாயிரம் ஓட்டுல. அதோட முடிஞ்சுதுன்னு பார்த்தா 2023 அக்டோபர்ல திரும்பக் காங்கிரசுக்கே வந்தார். டிசம்பர்ல அதே முனுகோட்டுல பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சார்! பொண்ணு வீட்டை விட்டு ஓடிட்டுத் திரும்பி வந்தா சேர்த்துக்கற மாதிரி சேர்த்துக்கிட்டாங்க.

இன்னொருத்தர் சேவெள்ளா தொகுதி விஸ்வேஷ்வர் ரெட்டி. ரங்காரெட்டி மாவட்டம்னு இருக்கே, அது அவர் தாத்தா பேர். மனைவி அப்போலோ குடும்பம். 2014-ல டிஆர்எஸ் எம்பி, 2018-ல காங்கிரஸ், 2019-ல தோல்வி, 2022-ல பிஜேபி, 2024-ல மறுபடி எம்பி. சொத்து நாலாயிரத்து ஐநூறு கோடிக்கு மேலன்னு அவரே எழுதிக் கொடுத்தார். மூணு கட்சி மாறினாலும் "அவர் படிச்சவர், அவருக்கு எதுக்குக் காசு"ன்னு எங்க அபார்ட்மெண்ட்லயே சொல்றாங்க. உங்க அப்பா சொன்ன அதே கணக்கு! அவர்கிட்ட தோத்த ரஞ்சித் ரெட்டியும் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பிஆர்எஸ்லேர்ந்து (டிஆர்எஸ்தான், பேரை மாத்திக்கிட்டாங்க) காங்கிரசுக்கு வந்தவர். ரெண்டு பக்கமும் தாவினவங்கன்னா யாரைத் தண்டிக்கறது?

என் வீட்டுல வேலை செய்யற அம்மா கரீம்நகர்ப் பக்கம். 2021 ஹுசூராபாத் இடைத்தேர்தல்ல ஓட்டுக்குப் பணம் வெச்ச கவர் வரலைன்னு பொம்பளைங்க ரோட்டுல உட்கார்ந்தது டிவியில வந்துச்சுல்ல, அதைக் காட்டி "ஏன்மா இப்படி"ன்னு கேட்டேன். "அவங்க மாறும்போது வாங்கறாங்க, எங்களுக்கு மாறாமலே கொடுக்கணும்"னாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன்.


கேஆர்புரம்_டிரைவர்:

ஹொஸ்கோட்டே பிரதர், நான் உங்க பக்கத்துத் தொகுதி, டின் ஃபேக்டரி ஸ்டாண்டுல வண்டி ஓட்டறேன். உங்க ஊர் என்னவோ துரோகத்துக்குத் தண்டனை கொடுத்த மாதிரி எழுதியிருக்கீங்க. அப்படியா?

அந்த 2019 டிசம்பர்ல 15 தொகுதியில எலெக்ஷன். அனர்ஹரு 13 பேர் பிஜேபியில நின்னாங்க. 11 பேர் ஜெயிச்சாங்க. எங்க பைரதி பசவராஜ் அதே கும்பல்ல பம்பாய் போனவர்தான், கே.ஆர்.புரத்துல அறுபதாயிரத்துக்கு மேல வித்தியாசம். 2023-லயும் அவரே. எங்க ஜனங்களுக்கு ரோஷம் இல்ல, உங்க ஜனங்களுக்கு இருந்ததுன்னு அர்த்தமா?

உங்க ஊர்ல எதிர்ல நின்னது பச்சேகௌடா வீட்டுப் பையன். அப்பா பிஜேபி எம்பி, மகன் பிஜேபியை எதிர்த்து சுயேச்சை, ஜேடிஎஸ் ஆள் நிறுத்தாம ஆதரவு. ஒக்கலிகர் சாதி ஓட்டு அந்தப் பக்கம் மொத்தமா. எம்டிபி குருபர் சாதி, சித்தராமையாவும் குருபர், அந்த ஓட்டு ரெண்டா உடைஞ்சது. ரெண்டு வீட்டுக்கும் பழைய பகை. 2008-ல பச்சேகௌடா ஜெயிச்சார், 2013-ல எம்டிபி. எங்க தொகுதியில அப்படி எதிர்ல நிக்க ஒரு வீடு இல்ல, அவ்வளவுதான். கோபம் ரெண்டு ஊர்லயும் இருந்தது. உங்களுக்கு அதைக் கொட்ட ஒரு பாத்திரம் கிடைச்சது.

உங்க அப்பாவைக் குறை சொல்லல. அவர் ஒருத்தர் மனசு மாறிப் போட்டிருக்கார்ல, பெரிய விஷயம்.


பிளெக்ஸ்காரன்_ஹொஸ்கோட்டே:

எல்லாருக்கும் நன்றி. டிரைவர் அண்ணன் சொன்னது குத்தினாலும் சரி. 13-ல 11 பேர் ஜெயிச்சதை நான் எழுதாம விட்டது, எங்க ஊர்ப் பெருமைக்காகத்தான்.

இன்னொண்ணையும் மறைச்சுட்டேன், சொல்லிடறேன். 2023-ல சரத் காங்கிரஸ். அதாவது 2018-ல எம்டிபி கை, சரத் தாமரை. 2023-ல எம்டிபி தாமரை, சரத் கை. அதே ரெண்டு பேர், அதே ஊர். அந்தப் பக்கத்துப் பசங்களும் என் கடைக்குத்தான் வந்தாங்க. இந்த வாட்டி காவித் துண்டை மூவர்ணம் ஆக்கணும். அது இன்னும் கஷ்டம், ஒரே கலர்லேர்ந்து மூணு கலர் பிரிக்கணும். துண்டை முழுசா வெட்டிட்டு வேற போட்டோலேர்ந்து ஒட்டினேன். ரெண்டு பைலும் ஒரே ஃபோல்டர்ல இருக்கு. ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சு எச்சரிக்கை வந்தாலும் அதை மட்டும் அழிக்கறதில்ல. எப்போ யார் வந்து நிப்பாங்கன்னு தெரியாதே.

அந்த எலெக்ஷன்லயும் எம்டிபிதான் தோத்தார், இந்த வாட்டி ஐயாயிரம் சொச்சம். அப்போ அபிடவிட்ல 1,600 கோடிக்கு மேல. 2023-ல அப்பா யாருக்குப் போட்டார்னு இன்னி வரைக்கும் சொல்லல. கேட்டா, "அந்தப் பையனும் தாவினவன்தானே"ம்பார். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குப் புரியல. ஒருவேளை பழைய ஆளுக்கே போட்டிருப்பார்.

குமாஸ்தா ஐயா, நீங்க எழுதின 'எவ்வளவு போதும்' கட்டத்தை வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணு சொன்னார். 2021 ஆகஸ்ட்ல முதல்வர் பசவராஜ் பொம்மை மந்திரிசபையில நகராட்சி நிர்வாகம், சிறுதொழில் துறை கொடுத்தப்போ எம்டிபி இது வேணாம்னு வெளிப்படையாவே குறைப்பட்டாரே, அதை அப்பா டிவியில பார்த்திருக்கார். "அன்னிக்குத்தான் எனக்கு விளங்குச்சு. காசு இருக்கறவனுக்குக் காசு வேணாம், சரிதான். நாற்காலி இல்லாதவனுக்கு நாற்காலி வேணும்ல. நான் அதைக் கணக்குல சேர்க்கல"ன்னார். எங்க அப்பா தன் கணக்கு தப்புன்னு சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. சூளையில கல் எண்ணி எண்ணிக் கூலி வாங்கினவர், கணக்குல ரொம்ப ரோஷம் உண்டு.

மகள் இந்த அரட்டைக்கெல்லாம் மசியல. தேர்தல் கமிஷன் சைட்லேர்ந்து அந்த அபிடவிட்டை இறக்கி, என் கடையிலேயே பிரிண்ட் எடுத்தா. பேப்பர் ட்ரேயை நடுவுல ஒரு வாட்டி நிரப்ப வேண்டியதாப் போச்சு. காசு கேட்டேன், முறைச்சா. அப்பாவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. நேத்து சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து இவ படிச்சுக் காட்டினா. சர்வே நம்பர், ஊர் பேர், ஏக்கர், குண்டே. அடுத்த சர்வே நம்பர், ஊர் பேர், ஏக்கர், குண்டே. பக்கம் பக்கமா அதேதான். அப்பா கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தார், தூங்கிட்டார்னு நினைச்சோம். ஒரு ஊர் பேர் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"அங்கதான் நான் மொதல்ல மண்ணு மிதிச்சேன். சூளைக்குப் பின்னாடி ஒரு குளம் இருந்தது. அது இருக்கான்னு அதுல போட்டிருக்கா பாரு."

அவ அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டிருந்தா.